வீட்டில் எல்லோருக்கும் வாந்திபேதி: சமாளித்து எழும் வழி

நிமிர்ந்து நிற்க முடிகிற ஆள் ஒருவராவது மிச்சம் இருக்கும்போதே கடைக்குப் போய் வந்துவிடுங்கள். வைரஸால் வரும் வாந்திபேதி ஒருவரைப் பிடித்து, பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரத்தில் அடுத்தவருக்குத் தாவும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து படுக்கும் இரவு அதற்குப் பிறகுதான் வரும். அந்த இடைவெளிதான் தயாராவதற்குக் கிடைக்கும் நேரம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு லிட்டர் அளவு ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு, குளுக்கோஸ் தூள்) பாக்கெட் பத்து, பாராசிட்டமால், குழந்தை இருந்தால் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை அல்லது சிரப், புதிய பிளீச்சிங் பவுடர் அரைக் கிலோ, குளியல் சோப்பு நாலைந்து, ரப்பர் கையுறை ஒரு ஜோடி. ஓ.ஆர்.எஸ்.ஸும் துத்தநாக மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

யாருக்கு எப்போது தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். காரணத்தைப் பாதி அந்தத் தாளே சொல்லிவிடும். விருந்துச் சாப்பாடோ, காலையில் வடித்து வெளியிலேயே கிடந்த சோறோ சாப்பிட்ட எல்லோருக்கும் ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் ஒரே சமயத்தில் வாந்தி வந்தால், அது கெட்டுப்போன உணவில் ஏற்கெனவே உருவாகியிருந்த நச்சு. வேகமாக வந்து பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது என்பதால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஒருவர் விழுந்து, ஒன்றிரண்டு நாளில் அடுத்தவர் விழுந்தால் வைரஸ். நோரோ வைரஸ் என்றால் ஒன்று முதல் மூன்று நாள்; சின்னக் குழந்தைகளில் ரோட்டா வைரஸ் என்றால் மூன்று முதல் எட்டு நாள்கூட இழுக்கும். பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் அதே கதை என்றால், குறிப்பாக மழைக்குப் பிறகு, குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது தண்ணீரைத் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆற்றித்தான் குடிக்க வேண்டும். பல் துலக்கவும் அதே தண்ணீர்தான். உள்ளாட்சி அலுவலகத்துக்கும் அன்றே தகவல் சொல்ல வேண்டும்.

கரைசல்: தவறுகள் நடக்கும் இடம்

வாந்திபேதியில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. குடல் கெட்டிருந்தாலும், குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து போனால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும். வெறும் தண்ணீருக்கு அந்த வசதி கிடையாது. கடையில் விற்கும் குளுக்கோஸ் பவுடருக்கும் கிடையாது, ஏனென்றால் அதில் சர்க்கரை இருக்கிறது, தேவையான உப்பு இல்லை.

உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட், மொத்தம் 20.5 கிராம். பாக்கெட்டின் பின்பக்கம் இந்த எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகளாக ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரோடு ஒட்டிக்கொண்டு விற்கப்பட்டன. அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை இழுப்பதற்குப் பதிலாக வெளியே விடும், பேதி கூடும். சோடா, பாட்டில் குளிர்பானம், இனிப்பு ஜூஸ் எல்லாம் ஆகாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

கலக்குவதில் மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைப்பது முதல் தவறு. உப்பு ஐந்து மடங்காகிறது, கைக்குழந்தைக்கு அது வலிப்பு வரை கொண்டுபோகும். 200 மி.லி. பாக்கெட்டும் கடையில் உண்டு, ஆகவே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கிழியுங்கள். பாதித் தூளை இப்போது, பாதியை ராத்திரிக்கு என்று பிரிப்பது இரண்டாவது. தூள் உள்ளே சீராகக் கலந்திருக்காது, ஒரு பாதியில் உப்பு, இன்னொரு பாதியில் இனிப்பு என்றாகிவிடும். கலக்கிய பின் சூடாக்குவதும், ருசிக்காகக் கூடுதல் சர்க்கரை போடுவதும் மூன்றாவது. காலி ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அளவாக வைத்துக்கொண்டு, கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கி, கலக்கிய நேரத்தைப் பாட்டிலில் எழுதி வையுங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.

பாக்கெட் இல்லாத ராத்திரிக்கு: ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. வீட்டு ஸ்பூன்கள் ஒவ்வொன்றும் ஒரு அளவு; இருமல் மருந்தோடு வரும் 5 மி.லி. மூடிதான் நம்பகமானது. கல்லுப்பைப் போட்டு அளக்காதீர்கள், கணக்கு தவறும். சந்தேகம் வந்தால் நக்கிப் பாருங்கள்: கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

வாந்தி நிற்காதவருக்கு எப்படிக் கொடுப்பது? தாகத்தில் ஒரு டம்ளரைக் கடகடவென்று குடித்தால் அடுத்த நிமிடம் அத்தனையும் வெளியே வரும். “தண்ணிகூட நிக்கல” என்று எல்லோரும் பயந்துபோவார்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் சும்மா இருக்கட்டும். பிறகு ஒரு டீஸ்பூன், இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று. கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் அது மணிக்கு 150 மி.லி. சற்று அடங்கியதும் நிமிடத்துக்கு ஒரு ஸ்பூனாக்கினால் மணிக்கு 300. செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. கைக்குழந்தைக்குப் பாலாடையோ ஊசியில்லாத சிரிஞ்சோ சௌகரியம்.

பேதிக்கு ஈடுகட்ட: இரண்டு வயதுக்குள் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மி.லி.; இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200; அதற்கு மேல் குடிக்க முடிகிற அளவு. கண் உள்வாங்கி, வாய் உலர்ந்து, குழந்தை தாகத்தில் டம்ளரைப் பிடுங்கிக் குடித்தால், நீர்ச்சத்து ஏற்கெனவே குறைந்துவிட்டது. அப்போது நான்கு மணி நேரத்தில் ஒரு கிலோ எடைக்கு 75 மி.லி. வீதம், அதாவது பத்துக் கிலோ குழந்தைக்கு 750 மி.லி. போக வேண்டும். அந்த நான்கு மணி நேரத்தை மருத்துவமனையிலேயே கழிப்பது நல்லது. தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. தாய்க்கே வாந்திபேதி என்றாலும் பால் கொடுக்கலாம், கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு.

சர்க்கரை நோயாளி “இனிப்பாச்சே” என்றும், இரத்த அழுத்தக்காரர் “உப்பாச்சே” என்றும் இந்தக் கரைசலைத் தள்ளுவது சகஜம். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் என்பது சுமார் மூன்று டீஸ்பூன்தான். உப்போ, போன உப்பின் ஈடு. இருவரும் குடிக்கத்தான் வேண்டும். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மட்டும் எவ்வளவு குடிப்பது என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரியவர்களிடம் உண்மையில் கவனிக்க வேண்டியது தினமும் போடும் மாத்திரை. டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை ஆகியவை உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தையோ சர்க்கரையையோ தாறுமாறாக்கலாம். அன்றைக்கே மருத்துவருக்குப் போன் செய்து எதை நிறுத்தி வைப்பது என்று கேளுங்கள். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தாதீர்கள். சாப்பிடாவிட்டாலும் ஓரளவு இன்சுலின் தேவைப்படும், எவ்வளவு என்பதை அவர் சொல்வார்.

குளியலறையும் மக்கும்

சோர்வில் எல்லோரும் கோட்டை விடும் பகுதி இது. நோரோ வைரஸ் மிகக் கொஞ்சம் உள்ளே போனாலே போதும், நோயைக் கொடுத்துவிடும். அது பரவும் வழியைக் கழிப்பறை பீங்கானில் தேடுகிறவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள். கால் கழுவிய கை அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள்: மக்கின் பிடி, குழாய்த் திருகு, ஃப்ளஷ் பொத்தான், தாழ்ப்பாள், பிறகுதான் சோப்பு. அந்த நான்கையும் அடுத்தவர் தொடுகிறார். இரண்டு கழிப்பறை இருந்தால் ஒன்றை நோயாளிகளுக்கு ஒதுக்குங்கள். ஒன்றுதான் என்றால், நோயாளிக்கு வேறு நிற மக்கு ஒன்று, உள்ளேயே ஒரு சோப்பு, வெளியே வந்ததும் மறுபடி ஒரு கழுவல். துண்டு ஆளுக்கொன்று. கையைச் சோப்புப் போட்டு இருபது வினாடி தேய்க்க வேண்டும். சாராயம் கலந்த சானிடைசர் இந்த வைரஸிடம் அவ்வளவாகப் பலிக்காது.

துடைப்பதற்கு பிளீச்சிங் பவுடர். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன், கலக்கிப் பத்து நிமிடம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் எடுத்து, மேலே சொன்ன நான்கு இடங்களையும் காலையிலும் மாலையிலும் நனைத்துப் பத்து நிமிடம் விட்டுத் தண்ணீரால் துடையுங்கள். துடைக்காமல் விட்டால் உலோகக் குழாய் கறுத்துவிடும். திரவ பிளீச் என்றால் ஐந்து சதவீதச் சரக்கில் லிட்டருக்கு 20 மி.லி. வாந்தி கிடக்கும் தரைக்கு இந்த அளவைப்போல் ஐந்து மடங்கு வேண்டும். காரமான நெடி அடிக்காத பழைய பவுடரில் குளோரின் ஆவியாகிப் போயிருக்கும், வெறும் சுண்ணாம்புதான் மிச்சம். அன்றன்றைக்குக் கலக்குங்கள். ஆசிட் கலந்த கழிப்பறை திரவத்தோடு இதைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய குளியலறையில் அது ஆளைச் சாய்க்கக்கூடியது. ஒரு நாள் இது என்றால் அன்றைக்கு அது வேண்டாம்.

தரையில் வாந்தி எடுத்துவிட்டால் உடனே துடைப்பத்தைத் தூக்காதீர்கள். துடைப்பம் பெருக்குவது கிருமியைத்தான். குழந்தைகளை வெளியே அனுப்பி, முகக்கவசமும் கையுறையும் போட்டு, பழைய செய்தித்தாளை மேலே பரப்பி உறிஞ்சவிட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கூட்டி எடுத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். பிறகு அடர்த்தியான கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம். தெறிப்பு கண்ணுக்குத் தெரிவதைவிடத் தூரம் போயிருக்கும், எனவே சுற்றி இரண்டு மீட்டர் வரை துடைக்க வேண்டும். போர்வையை உதறாமல் சுருட்டி எடுத்து, தனியாக, துணி தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். படுக்கைப் பக்கத்தில் அகலமான பழைய பேசின் ஒன்று வைத்துவிட்டால் இந்த வேலையில் முக்கால்வாசி மிச்சம்.

அடுப்பங்கரையில் யார்?

வாந்தியும் பேதியும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை நோயாளி சமைக்கக் கூடாது. நம் வீடுகளில் இந்த ஒரு விதி நடப்பதே இல்லை: காலையில் வாந்தி எடுத்த அம்மா மத்தியானம் எல்லோருக்கும் ரசம் வைப்பார். அது தியாகம் என்று பெயர் வாங்கும், வைரஸும் பந்தியில் சேர்ந்தே பரிமாறப்படும். நோய் தொடாத ஆள் அப்பாவோ, பள்ளி முடித்த பையனோ, யாராக இருந்தாலும் அடுப்பு அவர் பொறுப்பு. கஞ்சி வைக்க யாருக்கும் தெரியும். எல்லோரும் படுத்துவிட்டால் பக்கத்து வீட்டில் சொல்லிக் கஞ்சியை வாசலில் வைக்கச் சொல்லலாம். குடிநீர்ப் பானைக்குள் டம்ளரோடு கையை விடாமல் நீளப்பிடி அகப்பையால் மொண்டு ஊற்றுங்கள்; அண்ணாந்து குடிக்கும் பழக்கம் இந்த நாட்களில் நன்றாகவே உதவும்.

“வயிற்றைக் காயப்போடு” என்பது பெரியவர்களுக்குச் சில மணி நேரம் சரி. குழந்தைக்கு அது தவறு. நீர் ஏறிய நாலு மணி நேரத்தில் சாப்பாடு தொடங்கினால்தான் குடல் சுவர் சீக்கிரம் ஆறும். முதலில் கஞ்சி: 50 கிராம் நொய்யரிசியை ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீரில் குழைய வேகவிட்டு, முடிவில் ஒரு லிட்டர் வரும்படி பார்த்து, அரை டீஸ்பூன் தூள் உப்பு. உப்பு போட்ட கஞ்சித் தண்ணீர் பாதி மருந்து, பாதி உணவு. அது நின்றால் இட்லி, குழைந்த ரசம் சோறு, நெய் இல்லாத பாசிப்பருப்புப் பொங்கல், வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம். கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை. ரசத்தில் மிளகாயையும் புளியையும் பாதியாக்குங்கள், சீரகமும் பெருங்காயமும் இருக்கட்டும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம். கரைசலுக்கு நடுவே ஒன்று குடிக்கலாம், கரைசலுக்குப் பதிலாக ஆகாது. உப்பு போட்ட மோர் நல்லது. பால் சிலருக்கு ஒரு வாரம்வரை ஒத்துக்கொள்ளாது, குடலில் பாலை ஜீரணிக்கும் நொதி தற்காலிகமாகக் குறைந்திருக்கும். வயிறு பொருமினால் பாலை நிறுத்தித் தயிர் கொடுங்கள். பரோட்டா, பஜ்ஜி, பிரியாணி ஆசை மூன்றாம் நாளே வரும், அடக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மருந்துக் கடையில் “வயித்தால போகுது” என்றால் நாலு மாத்திரை மடித்துக் கொடுப்பார்கள், அதில் ஆன்டிபயாடிக் ஒன்று பெரும்பாலும் இருக்கும். வைரஸை அது ஒன்றும் செய்யாது, சிலருக்குப் பேதியைக் கூட்டும். பேதியைச் சட்டென்று நிறுத்தும் லோபரமைடைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களும் காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் தொடக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், நீர் வற்றிய உடம்பில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓமத் தண்ணீர் பெரியவர்களுக்கு வயிற்றுக்கு இதமாக இருந்தால் குடிக்கட்டும், கரைசலோடு சேர்த்து. குழந்தைக்குத் தொக்கம் எடுக்க, குடல் தட்டத் தூக்கிக்கொண்டு போவதில் வீணாகும் அரை நாள்தான் ஆபத்தானது.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடையாளங்கள்: குழந்தை எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறது, எழுப்பினாலும் துவண்டு தூங்குகிறது, குடிக்கவே மறுக்கிறது. எந்த வயதிலும் மலத்தில் இரத்தம், பச்சையான வாந்தி, விடாத கடும் வயிற்றுவலி, 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுநீர்போல் நிற்காமல் போகும் பேதி, எழுந்தால் கண் இருட்டுவது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, தள்ளாத முதியவர் என்றால் இவ்வளவுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே காட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104.

நடு ராத்திரியில் யாருக்கு எத்தனை தடவை போனது என்பது யாருக்கும் நினைவிருக்காது. கடைசியாகச் சிறுநீர் கழித்த நேரத்தை அந்தத் தாளிலேயே குறித்துவையுங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

கடைசி வாந்திபேதிக்குப் பின் 48 மணி நேரம் கழித்துப் பள்ளிக்கும் வேலைக்கும் போகலாம். ஆனால் வைரஸ் மலத்தில் இரண்டு வாரம்கூட வந்துகொண்டிருக்கும், ஆகவே சோப்பும் தனித் துண்டும் அதுவரை தொடரட்டும். வீட்டில் பிறந்த குழந்தை இருந்தால் ரோட்டா தடுப்பு மருந்து 6, 10, 14ஆவது வாரங்களில் அரசுத் திட்டத்தில் இலவசம். தவறவிட்டிருந்தால் இப்போதே கேளுங்கள். துத்தநாகம் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தினம் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு 10 மி.கி., ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்து. பேதி மூன்றாம் நாள் நின்றதும் அட்டையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். 14 நாளும் கொடுத்தால்தான் முழுப் பலன் உண்டு, அடுத்த சில மாதங்களில் மறுபடி வருவதும் குறையும். அந்த இரண்டு வாரமும் குழந்தைக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள், பருப்பு மசித்த சோற்றில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டு. இறங்கிய எடை ஏறிவிட்டதா என்று அங்கன்வாடித் தராசில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.